மலைக்கு முன்னால் நிற்பவர்கள்: கோடி நகரின் பியர்ஸ்டாட் கண்காட்சி, 2018

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஏறக்குறைய 10,000. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கிழக்கு வாயில் அங்கிருந்து சுமார் 84 கிலோமீட்டர். பூங்காவுக்குப் போகிறவர்கள் பெட்ரோல் போடவும் இரவு தங்கவும் நிற்கிற ஊர். 2018 கோடையில் இங்கே இருக்கும் ‘பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட்’ அருங்காட்சியகம், 19ஆம் நூற்றாண்டின் மலை ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட்டின் படைப்புகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரின் கில்க்ரீஸ் அருங்காட்சியகம் இதில் கூட்டாளி. கோடை முடிந்ததும் கண்காட்சி டல்சாவுக்குப் போனது.

ராக்கி மலையோர மாநிலங்களில் மலைக்காட்சிகளையும் அமெரிக்க மேற்கின் பாரம்பரியத்தையும் கொண்டாடும் கண்காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. பனி மூடிய சிகரம், பொன்னிறப் புல்வெளி, குதிரைமேல் ஒரு மனிதன். பார்க்கிறவருக்கு மனம் நிறைந்துவிடும், கண்காட்சியும் அதோடு நின்றுவிடும். கோடியில் நடந்தது அதற்கு மேலும் ஒரு படி போனது. மலை ஓவியர் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த ஒருவரை, மாறிக்கொண்டிருந்த மேற்குக்குச் சாட்சியாக நின்றவர் என்று அது முன்வைத்தது. பூர்வகுடிகள் மேலும் காட்டெருமைகள் மேலும் அவருக்கு இருந்த அக்கறையை ஓவியங்களின் வழியாக எடுத்துக் காட்டியது.

அந்த வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதி அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே சலுகை கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். அது ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த மாதிரிக் கண்காட்சிகளை நடத்துகிறவர்கள் எல்லோர் மனதிலும் இருக்கும் ஒரு பழைய சம்பவத்துக்குப் போக வேண்டும்.

வாஷிங்டன், 1991

1991 மார்ச்சில் வாஷிங்டனின் தேசிய அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் ‘மேற்கே அமெரிக்கா’ என்ற பொருளில் ஒரு பெரிய கண்காட்சி திறந்தது. வில்லியம் ட்ரூட்னர் அதன் க்யூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை வடிவமைத்தவர். 1820 முதல் 1920 வரையிலான 164 படைப்புகள். இந்த ஓவியங்கள் வரலாற்றைப் பதிவு செய்தவை அல்ல, நிலத்தைப் பறித்ததை நியாயப்படுத்துவதற்காகக் கட்டியெழுப்பிய கதைகள் என்பதுதான் கண்காட்சியின் வாதம். ஓவியங்களுக்குப் பக்கத்தில் நீண்ட விளக்க அட்டைகள் இருந்தன. ஃப்ரெடரிக் ரெமிங்டன் 1903இல் வரைந்த ஓவியம் ஒன்றில், வறண்ட நிலத்து நீர்க்குழி ஒன்றைச் சில கௌபாய்கள் துப்பாக்கியோடு காத்து நிற்கிறார்கள். சுற்றிலும் பூர்வகுடிக் குதிரை வீரர்கள். இதற்கான அட்டை, அன்றைய நகரங்களில் வந்திறங்கிய புலம்பெயர்ந்த தொழிலாளர்களைக் கண்டு மேல்தட்டு வெள்ளையர்களுக்கு எழுந்த பயத்தோடு படத்தைச் சேர்த்துப் படித்தது. சார்ல்ஸ் ஷ்ரைஃபோகல் என்ற ஓவியர், நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரில் தன் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு ஆளுக்குக் கௌபாய் வேஷம் போட்டு நிற்க வைத்து வரைந்துகொண்டிருக்கும் புகைப்படமும் அங்கே இருந்தது. நூறு பக்கம் எழுதினாலும் அந்த ஒரு புகைப்படம் சொன்னதைச் சொல்லிவிட முடியாது.

வளைகுடாப் போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நாடு வெற்றிக் களிப்பில் இருந்தது. காங்கிரஸ் நூலகத்தின் முன்னாள் தலைவரும் வரலாற்றாசிரியருமான டேனியல் பூர்ஸ்டின் பார்வையாளர் பதிவேட்டிலேயே இது வக்கிரமானது, வரலாற்றுப் பிழை மலிந்தது, அழிவு வேலை என்கிற பொருள்பட எழுதிவிட்டுப் போனார். அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் நிதி ஒதுக்கீட்டு விசாரணையில் அருங்காட்சியகத்தின் தாய் நிறுவனமான ஸ்மித்சோனியனைக் கடிந்துகொண்டார். பதிவேடுகள் தொகுதி தொகுதியாக நிரம்பின. திட்டியவர்கள் மட்டும் எழுதவில்லை, பாராட்டியவர்களும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அருங்காட்சியகம் சில அட்டைகளைத் திருத்தி எழுதியது.

வாஷிங்டனுக்குப் பிறகு செயின்ட் லூயிஸ், டென்வர் என்று இரண்டு ஊர்களுக்கு அந்தக் கண்காட்சி போயிருக்க வேண்டும். செலவைக் காரணம் காட்டி இரண்டும் ரத்தாயின. ஆக, மேற்கைப் பற்றிய அந்தக் கண்காட்சியை மேற்கில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் பார்க்கவே இல்லை. இது எனக்கு இன்றைக்கும் வருத்தம். அதன் வாதத்தில் உண்மை நிறைய இருந்தது. அதைச் சொன்ன விதத்தில்தான் கோளாறு. ஓவியத்தைப் பார்க்க விடாமல் அட்டையே முந்திக்கொண்டு பேசியது. பார்வையாளர் ரசிக்க வாய் திறப்பதற்குள் அவரை ஏமாந்தவர் என்று சொல்லிவிட்டது.

இதற்குப் பிறகு மேற்குக் கலையை வைத்திருக்கும் வட்டார அருங்காட்சியகங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி: கொண்டாட வருகிறவரை விரட்டாமல், அதே சமயம் அவரிடம் உண்மையை மறைக்காமல், இந்தப் படங்களை எப்படி மாட்டுவது? கோடியின் கண்காட்சி அந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் ஒன்று.

அந்த ஊர், அந்தக் கட்டடம்

கோடி ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே பஃபலோ பில் என்று உலகம் அறிந்த வில்லியம் எஃப். கோடியால். 1890களில் ஊரை நிறுவியவர்களில் ஒருவர். மேற்கின் வாழ்க்கையைக் களத்தில் நடித்துக் காட்டும் ‘வைல்ட் வெஸ்ட்’ நிகழ்ச்சியை ஊர் ஊராக, நாடு நாடாகக் கொண்டுபோனவர். அவர் 1917இல் இறந்தார், 1927இல் அவர் நினைவாக ஒரு மரக்கட்டை வீட்டில் அருங்காட்சியகம் தொடங்கியது. 1959இல் விட்னி குடும்பத்தின் பணத்தில் மேற்குக் கலைக்கூடம் வந்தது. 1979இல் சமவெளிப் பூர்வகுடி அருங்காட்சியகம். அப்புறம் துப்பாக்கிகளுக்கு ஒன்று, இயற்கை வரலாற்றுக்கு ஒன்று. இப்போது பஃபலோ பில்லுக்கான அருங்காட்சியகத்தையும் சேர்த்து, ஒரே கூரையின் கீழ் ஐந்து அருங்காட்சியகங்கள்.

இந்த அமைப்பு வெறும் கட்டட விவரம் அல்ல. பியர்ஸ்டாட்டின் காட்டெருமை ஓவியம் ஒரு கூடத்தில் இருக்கிறது. அந்தக் காட்டெருமையை உணவாகவும் உடையாகவும் வீடாகவும் ஆக்கி வாழ்ந்த மக்களின் கைவேலைகள் சற்றுத் தள்ளி இன்னொரு கூடத்தில் இருக்கின்றன. 2007இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்த பால் டைக் சேகரிப்பின் மையப்பொருளே சமவெளி மக்களின் காட்டெருமைப் பண்பாடுதான். நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ இப்படி அமைவது அரிது. அங்கே ஓவியம் ஒரு நிறுவனத்தில் இருக்கும், தோலாடை வேறொரு நிறுவனத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு பார்வையாளர் தலையில் விழும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும் பஃபலோ பில் கலைக் கண்காட்சியும் விற்பனையும் கோடியில் நடக்கிறது. ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் மலை, குதிரை, காட்டு விலங்கு, கௌபாய். வாங்குகிறவர்கள் மேற்கை நேசிக்கிறவர்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தில் அருங்காட்சியகத்துக்கும் பங்குண்டு. அவர்களை முகம் சுளிக்க வைக்கும் கண்காட்சியை நடத்த ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்துக்குத் துணிச்சல் வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1991இல் வாஷிங்டன் அரசுப் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, இங்கே நன்கொடையாளருக்கு.

1859: சிகரமும் முகாமும்

பியர்ஸ்டாட் 1830இல் ஜெர்மனியின் சோலிங்கனில் பிறந்தார். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டுக்கு வந்துவிட்டது. பின்னர் டுசல்டார்ஃபுக்குத் திரும்பிப்போய் ஓவியம் கற்றார். ஆல்ப்ஸ் மலையில் சுற்றினார். 1859இல் ஃப்ரெடரிக் லேண்டர் தலைமையில் மேற்கு நோக்கிப் போன அரசுச் சாலை ஆய்வுக் குழுவோடு சேர்ந்து இன்றைய வயோமிங்கின் வின்ட் ரிவர் மலைத்தொடர் வரை போனார். பென்சில் ஸ்கெட்ச், காகிதத்தில் எண்ணெய் வண்ணம், ஆழம் தெரியும்படி ஜோடியாக எடுத்த இரட்டைப் புகைப்படங்கள், பூர்வகுடி மக்களின் பொருட்கள் என்று மூட்டை மூட்டையாக நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தின்போது அவர் எழுதி, ஒரு கலை இதழில் வெளியான கடிதத்தில் மலைகளை ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸோடு ஒப்பிடுகிறார். பூர்வகுடிகளைப் பற்றி, இவர்கள் வேகமாக மறைந்துகொண்டிருக்கிறார்கள், வரைவதற்கு இதுதான் நேரம் என்கிறார். எழுதியபோது அவருக்கு 29 வயது.

அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் 1863இல் முடித்த ‘ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்’. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் அகலம். மேலே பனிச் சிகரங்கள். நடுவில் ஒரு ஏரி, அதில் விழும் அருவி, அருவியின் மேல் மட்டும் பாய்ச்சினாற்போல் வெயில். கண் நேராக அங்கேதான் போகும். வண்ணத்தையும் ஒளியையும் அப்படி அமைத்திருக்கிறார். அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கண் கீழே இறங்கும்போதுதான், முன்னால் நிழலில் ஒரு ஊரே இருப்பது தெரியும். ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் முகாம். கூடாரங்கள், குதிரைகள், நாய்கள், வேட்டையில் கிடைத்த விலங்குகள், வேலை செய்துகொண்டிருக்கும் பெண்கள். ஒவ்வொரு உருவமும் விரலளவுதான். ஆனால் அசிரத்தையாகப் போட்டவை அல்ல. சேணத்தின் அலங்காரம் வரைக்கும் பார்த்து வரைந்திருக்கிறார்.

சிகரத்தை அவர் இருந்தபடி வரையவில்லை. ராக்கி மலையை ஆல்ப்ஸாக உயர்த்திவிட்டார் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், உண்மைதான். முகாமில் அப்படி இட்டுக்கட்டுவதற்கு அவருக்குத் தேவை ஏற்படவில்லை. அதை அவர் கண்ணால் கண்டிருந்தார். ‘சாட்சி’ என்று கண்காட்சி சொன்னதில் நான் ஏற்கும் பாதி இதுதான். இந்தப் பெரிய கேன்வாஸின் நம்பத்தகுந்த பகுதி மலை அல்ல, மனிதர்கள்.

1864இல் நியூயார்க்கில் உள்நாட்டுப் போரில் காயம் பட்டவர்களுக்காக நடந்த பெரிய நிதி திரட்டும் கண்காட்சியில் இந்த ஓவியத்தை, ஃப்ரெடரிக் சர்ச்சின் புகழ்பெற்ற ஆண்டீஸ் மலை ஓவியத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். அதே வளாகத்தில் பூர்வகுடிகளை நேரில் நடனமாட வைத்த ஒரு பகுதியையும் பியர்ஸ்டாட்டே ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு இங்கிலாந்தில் இருந்த ரயில்வே முதலாளி ஜேம்ஸ் மெக்ஹென்றி 25,000 டாலர் கொடுத்து ஓவியத்தை வாங்கினார். உயிரோடிருக்கும் ஓர் அமெரிக்க ஓவியருக்கு அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

இப்போது இன்னொரு தேதி. 1863 ஜனவரி 29. இன்றைய ஐடஹோ மாநிலத்தின் பேர் ரிவர் கரையில், பனிக்கால முகாமில் இருந்த வடமேற்கு ஷோஷோனி மக்களை கர்னல் பேட்ரிக் கானரின் கலிஃபோர்னியா தன்னார்வப் படை விடியற்காலையில் சூழ்ந்துகொண்டு சுட்டது. பெண்கள், குழந்தைகள் உட்படக் குறைந்தது 250 பேர் இறந்தார்கள். 400ஐத் தாண்டும் என்ற மதிப்பீடுகளும் உண்டு. பியர்ஸ்டாட் வின்ட் ரிவரில் பார்த்தவர்கள் வேறு ஷோஷோனிக் குழுவினர், கிழக்கு ஷோஷோனிகள். அந்த வேறுபாட்டை அழிக்கக் கூடாது. ஆனால் அமைதியான ஷோஷோனி முகாம் ஒன்று நியூயார்க் ஸ்டுடியோவில் வண்ணம் பெற்ற அதே ஆண்டில், இன்னொரு ஷோஷோனி முகாம் தரைமட்டமானது. இந்த இரண்டையும் ஒரே சுவரில் சேர்த்துச் சொல்ல, யாரையும் திட்டும் அட்டை தேவையில்லை. ஒரு வரைபடமும் இரண்டு தேதிகளும் போதும். பேர் ரிவர் படுகொலை நடந்த நிலத்தில் ஒரு பகுதியை அந்த மக்களின் வழிவந்தவர்களே விலைகொடுத்து வாங்கியது 2018இல், கோடியில் கண்காட்சி நடந்த அதே ஆண்டில்.

1888: யார் கையில் ஈட்டி?

கோடி அருங்காட்சியகத்தின் சொந்தச் சொத்தாக இருக்கும் பியர்ஸ்டாட் ஓவியங்களில் முக்கியமானது ‘கடைசிக் காட்டெருமைகள்’. 1888 வாக்கில் வரைந்தது. இதன் பெரிய வடிவம் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கோடியில் இருப்பது சற்றே சிறியது. சிறியது என்றாலும் சுவரை நிறைக்கும்.

வாஷிங்டன் வடிவத்தை வைத்துச் சொல்கிறேன். நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை. அதன்மேல் இருக்கும் பூர்வகுடி வேட்டைக்காரர் கீழ்நோக்கி ஈட்டியை ஓங்குகிறார். எருமைக் கடா தலையைத் தாழ்த்திக் குதிரையின் வயிற்றில் முட்டுகிறது. சுற்றிலும் செத்ததும் சாகக்கிடப்பதுமாக எருமைகள், வெளுத்த மண்டையோடுகள். அவற்றுக்கு அப்பால் ஆற்றங்கரை வரை, ஆற்றுக்கு அப்பாலும், கண்ணுக்கெட்டிய தூரம் மந்தை. அதற்கும் பின்னால் பனிமலை. முன்னால் மரணம், பின்னால் முடிவில்லாத உயிர். இரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்கியிருக்கிறார். ஒப்பாரிப் பாட்டின் கட்டுமானம் அது, மிகத் தேர்ந்த கட்டுமானம்.

ஆனால் இதை அவர் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. 1888இல் அந்த அளவு மந்தை எங்கும் கிடையாது. விலங்கியலாளர் வில்லியம் ஹோர்னடே 1889 தொடக்க நிலவரப்படி எண்ணிச் சொன்ன கணக்கில், காட்டில் திரிந்தவை, வேலிக்குள் இருந்தவை, யெல்லோஸ்டோன் பாதுகாப்பில் இருந்தவை எல்லாம் சேர்ந்து 1,091. கோடிக்கணக்கில் இருந்த விலங்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனதற்குக் காரணம் ஈட்டி அல்ல. 1870களில் காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைகளில் பதப்படுத்தும் முறை கைவந்தது, ரயில் பாதை சமவெளிக்குள் நுழைந்தது. தொலைதூரத் துப்பாக்கியோடு தோல் வேட்டைக்காரர்கள் இறங்கினார்கள். தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே அழுகவிட்டார்கள். எருமை ஒழிந்தால் பூர்வகுடிகள் பணிவார்கள் என்று ராணுவத்தில் பலர் அதை வரவேற்றார்கள். 1883 வாக்கில் வடக்கு மந்தையும் முடிந்தது. பஃபலோ பில்லும் இதில் விலக்கல்ல. ரயில் தொழிலாளர்களின் சாப்பாட்டுக்காகப் பதினெட்டு மாதத்தில் 4,280 எருமைகளைச் சுட்டதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் பியர்ஸ்டாட் யார் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார் என்று பாருங்கள். தோல் வேட்டைக்காரர் படத்தில் இல்லை. ரயில் இல்லை. துப்பாக்கி நடுவில் இல்லை. எருமையும் பூர்வகுடியும் ஒருவரையொருவர் முடித்துக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கும் 1888ஆம் ஆண்டுப் பணக்காரருக்கு, அவர் ரயில் கம்பெனிப் பங்கு வைத்திருந்தாலும், கண்ணில் நீர் வரும், நெஞ்சில் குற்ற உணர்வு வராது.

கண்காட்சியின் வாதத்தை நான் பாதியில் விடுவது இங்கேதான். பியர்ஸ்டாட்டுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். தியடோர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரினெலும் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் அவர் உறுப்பினர். அந்த வட்டத்தின் விடாமுயற்சியால்தான் 1894இல் யெல்லோஸ்டோன் விலங்குகளைக் கொல்வது சட்டப்படி குற்றமானது. இன்றைக்கு அங்கே காட்டெருமை இருப்பதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே காப்புணர்வுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. யெல்லோஸ்டோனிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை ஷோஷோனிகளை 1879இல் பூங்காவை விட்டே வெளியேற்றி, பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய வின்ட் ரிவர் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பினார்கள். விலங்குக்கு இடம் கிடைத்தது, மனிதருக்கு இல்லை. 1859இல் பார்த்ததை வரைந்தவரையும், 1888இல் பார்க்காததைக் கோத்து வரைந்தவரையும் ஒரே அடைமொழியில் அடக்கும்போது, இரண்டுக்கும் இடையே நடந்த இந்த முப்பதாண்டுப் பறிப்பு நழுவிவிடுகிறது.

இந்த ஓவியத்தின் தலைவிதியும் சோகமானது. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்ப அமெரிக்கத் தேர்வுக்குழு மறுத்துவிட்டது. அளவு பெரிது, பாணி பழையது. அதே ஆண்டு அதே பாரிஸில் பஃபலோ பில்லின் நிகழ்ச்சி உயிருள்ள காட்டெருமைகளோடும் லக்கோட்டா என்ற சமவெளிப் பூர்வகுடி வீரர்களோடும் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தது. 1895இல் பியர்ஸ்டாட் திவாலானார், 1902இல் இறந்தார். அதற்குள் உலகம் அவரை மறந்திருந்தது.

கோடி எதைச் சரியாகச் செய்தது

இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் பீட்டர் ஹாசரிக், கோடி அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர். மேற்குக் கலையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர், 2019இல் காலமானார். அவரோடு கோடியிலிருந்து கேரன் மெக்வோர்ட்டர், கில்க்ரீஸிலிருந்து லாரா ஃப்ரை. கண்காட்சியோடு வந்த கட்டுரைத் தொகுப்பில் சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் டேன் ஃப்ளோரஸ் எழுதினார். ஆர்தர் அமியோட்டும் எழுதினார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பெயர். அமியோட் ஓக்லாலா லக்கோட்டா ஓவியர், ஆசிரியர், வரலாற்றாளர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டேண்டிங் பேர், பஃபலோ பில்லின் நிகழ்ச்சியோடு ஐரோப்பா போனவர், வியன்னாவைச் சேர்ந்த பெண்ணை மணந்தவர், அவரும் ஓவியர். அமியோட்டின் கொலாஜ் படங்களில் இந்தக் குடும்பக் கதை வந்துகொண்டே இருக்கும்: இறகுத் தலையணி அணிந்தவர் மோட்டார் கார் பக்கத்தில், பழைய கணக்குப் புத்தகத் தாளின் மேல், தேவாலயத்துக்கும் நடனக் களத்துக்கும் நடுவில். ‘மறைந்துகொண்டிருக்கும் இனம்’ என்று பியர்ஸ்டாட் 1859இல் எழுதியதற்கு, அந்தச் சமவெளி மக்களில் ஒருவர் 2018இல் உட்கார்ந்து பியர்ஸ்டாட்டைப் பற்றியே கட்டுரை எழுதுவதைவிட நேரான மறுமொழி கிடையாது.

இது திடீரென்று வந்ததும் அல்ல. கோடியின் சமவெளிப் பூர்வகுடி அருங்காட்சியகத்துக்குத் தொடக்க காலத்திலிருந்தே பூர்வகுடிகள் இடம்பெற்ற ஆலோசனைக் குழு உண்டு. கண்காட்சி ஒன்றுக்காகக் கடைசி நேரத்தில் யாரையோ கூப்பிட்டு ஒப்புதல் வாங்குகிற பழக்கத்துக்கும் இதற்கும் நிறைய தூரம்.

டல்சா கூட்டாளியானதும் பொருத்தம். கில்க்ரீஸைத் தொடங்கிய தாமஸ் கில்க்ரீஸ் மஸ்கோகி க்ரீக் பூர்வகுடி இனத்தின் குடிமகன். இனப் பொதுநிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த அரசின் கொள்கையில் அவர் பங்குக்கு வந்த 160 ஏக்கரின் அடியில் எண்ணெய் இருந்தது. அந்தப் பணத்தில்தான் பியர்ஸ்டாட், மோரன், ரெமிங்டன் என்று மேற்கின் ஓவியர்களுடைய படைப்புகளை வாங்கிக் குவித்தார், பூர்வகுடிகளின் கலைப்பொருட்களையும் சேர்த்தே வாங்கினார். கடனில் மூழ்கியபோது சேகரிப்பு சிதறிப் போகாமல் 1950களின் நடுவில் டல்சா நகர மக்களே வாக்களித்து அதை மீட்டார்கள். மேற்குக் கலை என்றால் வெள்ளையர் ஏக்கம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால் போதும்.

பக்கத்தில் எதை மாட்டுவது

சரி, நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்?

வின்ட் ரிவர் ஒதுக்கீட்டு நிலத்தில் கோட்சியோகோ என்று ஒரு கிழக்கு ஷோஷோனி ஓவியர் வாழ்ந்தார். காட்ஸி கோடி என்றும் சொல்வார்கள். 1880 முதல் 1910 வரையிலான காலத்தில் பதப்படுத்திய எல்க் மான் தோல்களில் வரைந்து, வந்து போகும் பயணிகளுக்கு விற்றார். எருமைத் தோலில் வரைந்த மரபு அவருடையது. எருமை இல்லாததால் எல்க் மான். ப்ரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு தோலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கம்பத்தைச் சுற்றி நடனம். சமவெளி மக்களின் புனிதச் சடங்கான சூரிய நடனத்தை அரசு தடை செய்திருந்த காலம் அது. விளிம்பெங்கும் குதிரைகளில் வேட்டைக்காரர்கள் எருமைகளை விரட்டுகிறார்கள். வீழ்ந்த எருமையைப் பெண்கள் அறுக்கிறார்கள். கூடாரங்கள் நிற்கின்றன. குதிரைகள் சிவப்பிலும் கறுப்பிலும் மஞ்சளிலும். அச்சுத்தகடு வெட்டி வைத்து வரைந்த உருவங்கள் என்பதால் கால்கள் ஒரே சாய்வில் பறக்கின்றன. மலை கிடையாது, வானம் கிடையாது. தோலே நிலம்.

பியர்ஸ்டாட் வரைந்த அதே வேட்டை, கிட்டத்தட்ட அதே ஆண்டுகள், அவர் 1859இல் போன அதே வின்ட் ரிவர் மலைத்தொடரின் அடிவாரம். இவரும் போய்விட்ட ஒன்றைத்தான் வரைகிறார், இவரும் விற்பதற்குத்தான் வரைகிறார். ஆனால் இவருடைய வேட்டையில் சாவு முடிவாக இல்லை. எருமை விழுகிறது, அறுக்கப்படுகிறது, உணவாகிறது, நடனம் நடக்கிறது. ஒரு நாளின் வேலை அது. ‘கடைசிக் காட்டெருமைகள்’ ஓவியத்துக்கு நேர் எதிரே இப்படி ஒரு தோலைத் தொங்கவிட்டால், பியர்ஸ்டாட்டின் ஈட்டி எவ்வளவு புனைவு என்பது அட்டை இல்லாமலே புரியும். பியர்ஸ்டாட்டின் அழகு குறையவும் குறையாது. 1991இல் எழுத்தால் செய்ய முயன்று கைநழுவிய வேலையை, ஒரு பொருளுக்கு எதிரே இன்னொரு பொருளை வைத்தே செய்துவிடலாம்.

அட்டையில் எழுதத்தான் வேண்டும் என்றால் மூன்று எண்கள் போதும் என்பேன். ஹோர்னடேயின் 1,091. பஃபலோ பில்லின் 4,280. மூன்றாவது, 10. 2016 நவம்பரில் வின்ட் ரிவர் நிலத்தில் கிழக்கு ஷோஷோனிகள் அயோவாவிலிருந்து வந்த 10 காட்டெருமைகளைத் திறந்துவிட்டார்கள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு. மறு ஆண்டு அங்கேயே கன்று பிறந்தது. கோடியில் ‘கடைசி’ என்ற பெயர் தாங்கிய ஓவியத்தை மக்கள் பார்த்துக்கொண்டிருந்த 2018 கோடையில், சில மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் அந்தக் கன்று மேய்ந்துகொண்டிருந்தது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தால் இதைத் தன் பார்வையாளருக்குச் செய்தியாகத்தான் சொல்ல முடியும். கோடியால் வரைபடத்தைக் கையில் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி வைக்க முடியும்.

அடுத்த முறை கோடியில் பியர்ஸ்டாட்டை மாட்டும்போது, வின்ட் ரிவரிலிருந்து ஒரு ஷோஷோனி க்யூரேட்டர் குழுவில் இருக்க வேண்டும். கட்டுரை எழுதித் தருபவராகவோ ஆலோசனை சொல்பவராகவோ மட்டும் போதாது. எந்த ஓவியம் எந்தச் சுவருக்கு, அதன் எதிரே எது என்று முடிவு செய்கிற இடத்தில் அவர் இருக்க வேண்டும். ஆலோசனைக் குழுவை இத்தனை ஆண்டுகளாக நடத்தி வரும் நிறுவனத்துக்கு அது எட்டாத தூரம் அல்ல.